பனிக்கடியில் வலை போடும் விதம்

பள்ளிக்கூடத்தில் என் கதிரையில் இப்போது இருப்பவள் அமீனா. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் போன் எடுத்து முதலில் என் முழங்கால் எப்படி என்று விசாரிப்பாள். ஏதோ ஒரு படிவத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிடும்.

போன மாதமும் முழங்காலில்தான் தொடங்கினாள். பிறகு, "பயணப் படிவத்தில் பதினாலாவது வரி இருக்கிறதே மிஸ், அதை யார் எழுதினார்கள்? வேறு எந்தப் பள்ளிக்கூடத்துப் படிவத்திலும் அப்படி ஒன்றை நான் காணவில்லை," என்றாள்.

அந்த வரி இதுதான்: வீட்டிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், அது எந்த மாணவருக்கு உரியதோ அந்த மாணவருக்கு அன்றைக்கே சொல்லப்படும்.

நான்தான் எழுதினேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்று மழுப்பினேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு இன்னும் முப்பது வருட வேலை கிடக்கிறது, தெரிந்திருப்பது நல்லது. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை சரித்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. மன்னாரில் மூன்று வருடம் கணக்குப் படிப்பித்தேன். லண்டனுக்கு வந்தபோது அந்தப் படிப்பை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. மிச்சம் என்ற தென் லண்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போனேன். பிறகு வகுப்பு உதவியாள். பிறகு, நான் ஒரு பிள்ளையையும் தொலைக்க மாட்டேன் என்று எவருக்கோ தோன்றியிருக்க வேண்டும், பயணப் பொறுப்பைத் தந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். மியூசியம், பண்ணை, கடற்கரை, பிரான்ஸ். ஒரே ஒருமுறை வட துருவப் பக்கம்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸிஸ் ஹார்ட்லி, துணை அதிபர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று சொல்லக்கூடாது. "எல்லாரும் என்பது ஓர் எண் இல்லை," என்பார். பன்னிரண்டு பிள்ளைகள் போனால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கம். ஒவ்வொரு மணித்தியாலமும் பிள்ளைகள் தங்கள் இலக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் எங்கே போனாலும், லண்டன் நேரம் இரவு எட்டுக்கு நான் அவருக்குப் போன் எடுத்து எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருந்தபடி அதை ஒரு நீலக் கொப்பியில் நேரத்தோடு எழுதிக்கொள்வார். பிறகு பெற்றோருக்கு ஒரு வரி அனுப்புவார். நாங்கள் தங்குமிடத்தின் போன் இலக்கம் அவரிடம் மட்டும்தான் இருக்கும். பெற்றோர் நேரே கூப்பிடக்கூடாது. "அந்தப் போனை எடுக்கிற ஆள் அந்த நேரத்தில் எவருக்கும் மாமியோ சித்தியோ இல்லை," என்று ஒருமுறை சொன்னார். எங்கள் சனத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் என்ன செய்தேன்? புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, ஜெனிற்றாவின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினா. அந்தப் போன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஒரு அவசரத்துக்கு மட்டும்," என்றேன். நாங்கள் இப்படித்தான். விதி எல்லாம் மற்ற ஆட்களுக்கு.

ஜெனிற்றாவுக்கு அப்போது பதினைந்து வயது, எங்கள் கோயில் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நான் மிஸ், வாசலைத் தாண்டினால் ஆன்ரி. அவள் தகப்பன் சவரிமுத்து மன்னார்க் கடலில் வலை போட்டவர். இங்கே டூட்டிங்கில் மீன் கடையில் மீன் வெட்டினார். விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம்தான் சொன்னார்.

"அங்க கடலெல்லாம் உறைஞ்சு கிடக்காம். அதுக்குக் கீழ வலை போடுறாங்களாம். வலை எப்பிடியடி உள்ளுக்க போகும்? வடிவாப் பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லவேணும், என்ன?"

"ஓம் அப்பா. நூறு தரம் சொல்லிப்போட்டியள்."

ஊரின் பெயரை எழுதவில்லை. கனடாவின் வடக்கு ஓரத்தில், கடல் விளிம்பில், பெட்டி பெட்டியாக நிறம் பூசிய வீடுகள். தெருவென்று ஒன்றரைத் தெரு. வாரத்துக்கு இரண்டு விமானம், புதனும் சனியும். சித்திரை மாதம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், நான், உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் இலையுதிர் காலத்தில் எங்களிடம் வந்து போயிருந்தார்கள். பாதாள ரயிலில் சனத்தைப் பார்த்து, இவ்வளவு பேருக்கும் பெயர் இருக்கிறதா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது ஞாபகம்.

நானும் ஜெனிற்றாவும் இன்னொரு பிள்ளையும் எலிசப்பியின் வீட்டில் தங்கினோம். எலிசப்பி என் வயதுக்காரி, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் அலுவலகம் பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். அவர் வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடித் திரிந்தது. அதை அவர் தங்கள் மொழியில் "மாமா" என்று கூப்பிட்டார். காரணம் கேட்டோம். அவருடைய மாமன் இறந்த பிறகு பிறந்த முதல் குழந்தைக்கு மாமனின் பெயரை வைத்தார்களாம். பெயரோடு ஆளும் வந்துவிடுவார், அதனால் அவள் எனக்கு மாமாதான் என்றார். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவு அவர்களிடம் இல்லை. மாமாவுக்குத் தேத்தண்ணீர் பிடிக்கும் என்று அந்தச் சின்னதுக்கும் ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். ஜெனிற்றா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் போன் அடித்தது. சுவரில் மாட்டிய போன். எலிசப்பி எடுத்து என்னிடம் நீட்டினார். லண்டனிலிருந்து றெஜி, ஜெனிற்றாவின் தாய்மாமன்.

"ரீச்சர் அக்கா, அத்தானுக்கு ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரியில வைச்சிருக்கிறம். கதைக்கிறார், பயமில்லை எண்டு டொக்டர் சொன்னவர். பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அங்க தனிய நிண்டு அழும். சனிக்கிழமை வெளிக்கிடுறியள்தானே, வந்தாப்பிறகு நாங்கள் ஆறுதலாச் சொல்லுறம்."

"சரி தம்பி," என்றேன். ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது. யோசித்துப் பிழை விட்டிருந்தால் வேறு கதை. மூச்சு விடுவது போல "சரி" வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது பாசம். பரீட்சை முடியட்டும், பிள்ளைப்பேறு முடியட்டும், ஊருக்கு வந்து இறங்கட்டும். என் அம்மா மன்னாரில் செத்தது எனக்குப் பதினெட்டு நாள் கழித்துத்தான் தெரியும். வயிற்றில் பிள்ளை என்று அண்ணை மறைத்தார். அந்தப் பதினெட்டு நாளும் நான் சிரித்துப் பேசித் திரிந்ததை நினைத்து எத்தனை வருடம் வெந்திருப்பேன். அதெல்லாம் பட்டவளுக்கு, றெஜி கேட்டதும் புத்தி எங்கே போனது?

"கெட்ட செய்தியா?" என்று எலிசப்பி கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

ஒரு மணித்தியாலம் கழித்து, லண்டன் நேரம் எட்டுக்கு, மிஸிஸ் ஹார்ட்லிக்குப் போன் எடுத்தேன். "பன்னிரண்டு. எல்லாரும் சுகம்," என்றேன். அவர் எழுதும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை பிள்ளைகளை உறைந்த ஏரிக்கு வலை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை, போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். மத்தியான விமானம் வந்து போனது. இரண்டரை மணிக்கு ஜெனிற்றா மூக்குச் சிவக்க ஓடி வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஆன்ரி, கண்டுபிடிச்சிட்டன். இருங்கோ, காட்டுறன்."

அலுவலகத்தை ஒட்டிய சமையலறையில் மேசை விரிப்பை இழுத்து விரித்தாள். அது பனிக்கட்டி. அதன் மேலே தேத்தண்ணீர்க் கோப்பைகளை வரிசையாகக் கவிழ்த்தாள். அவை ஓட்டைகள். ஒரு நீளத் தடியில் கயிற்றைக் கட்டி முதல் ஓட்டைக்குள் விடுவார்களாம். தடி பனிக்குக் கீழே மிதந்துகொண்டு அடுத்த ஓட்டைக்குப் போகும், அங்கே ஒருவர் கொளுக்கியால் பிடித்து அடுத்ததற்குத் தள்ளுவார். இப்படியே கடைசி ஓட்டை வரைக்கும். தடி வெளியே வந்ததும் கயிறு இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குப் போயிருக்கும். பிறகென்ன, கயிற்றின் நுனியில் வலையைக் கட்டி மற்றப் பக்கத்தால் இழுத்தால் வலை உள்ளே போய்விடும். கரண்டியைத் தடியாகவும் சப்பாத்து நூலைக் கயிறாகவும் வைத்து, விரிப்புக்குக் கீழே விட்டு இழுத்துக் காட்டினாள்.

"அப்பா தடியை யோசிச்சிருக்கவே மாட்டார், என்ன ஆன்ரி? இப்பவே போன் எடுத்துச் சொல்லலாமா? ரெண்டு நிமிஷம். ப்ளீஸ்."

போன் இருந்தது. இருபது அடி தூரத்தில் சுவரில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் சவரிமுத்து கண் விழித்துப் பேசிக்கொண்டிருந்தார். "விதி தெரியும்தானே. வீட்டை போய்ச் சொல்லு," என்றேன். ஒரு நாள் முழுக்க நான் மிதித்துக்கொண்டிருந்த விதியை அவளுக்கு மட்டும் எடுத்து நீட்டினேன். பிறகு மூன்று மணிக்கு அதே போனை எடுத்து, "பன்னிரண்டு. எல்லாரும் சுகம்," என்றேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு றெஜி மறுபடியும் எடுத்தார். லண்டனில் விடிய ஆறு மணிக்குச் சவரிமுத்து போய்விட்டார். றெஜி அழுதுகொண்டே சொன்னார்: "இப்பவும் சொல்லாதேங்கோ அக்கா. அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை எண்டு மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

போனை வைத்தபோது எலிசப்பி என் எதிரே நின்றார். கதிரையில் இருந்துகொண்டு முழுவதையும் சொன்னேன்.

"செவ்வாயிலிருந்து தெரியுமா?" என்றார்.

"தாய்மாமன் சொல்ல வேண்டாம் என்று கேட்டார்."

"செத்தது யாருடைய தகப்பன்?"

"ஜெனிற்றாவுடைய."

"அப்படியென்றால் செய்தி அவளுடையது. அவளுடைய பொருளை நீ உன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய்." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. "நாங்கள் பிள்ளைகளைப் பனிக்கட்டி மேலே கூட்டிப் போகிறவர்கள். எங்கே மெல்லிசாக இருக்கிறது என்று மறைத்தால் அவர்கள் எப்படி நடப்பார்கள்?"

ஒன்பது மணிக்கு மிஸிஸ் ஹார்ட்லிக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்றார். இல்லை என்றேன். "போனை வையுங்கள். போய்ச் சொல்லுங்கள்," என்றார்.

அலுவலகத்தை ஒட்டிய அந்தச் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவள் உடனே அழவில்லை.

"எப்ப?"

"இண்டைக்கு விடிய."

"நெஞ்சு வருத்தம் எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் மேசையைப் பார்த்தாள். விரிப்பு அப்படியே கிடந்தது. "நேற்று நான் உங்களுக்குக் காட்டேக்க, உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அப்பா அப்ப கதைச்சுக்கொண்டிருந்தவர்."

"ஓம் பிள்ளை."

"ஓகே, மிஸ்," என்றாள்.

அன்றைக்கு அந்த ஊரே எலிசப்பியின் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொருவராக வந்து ஜெனிற்றாவின் கையைப் பிடித்தார்கள், கொண்டுவந்த சாப்பாட்டை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அழாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. தகப்பனின் பெயர் என்னவென்று மட்டும் கேட்டார்கள். சவரிமுத்து, சவரி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள். அவர்கள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். எலிசப்பியின் மகள், நிறை வயிற்றுக்காரி, இரண்டு மூன்று தரம் சொன்னாள். சவரி. சவரி.

திங்கட்கிழமை மிஸிஸ் ஹார்ட்லியின் அறையில் நின்றேன். நீலக் கொப்பி திறந்திருந்தது. போன் வந்த நேரத்தைக் கேட்டு எழுதினார். நான் அவரிடம் சொன்ன நேரத்தைப் பக்கத்தில் எழுதினார். கழித்தார். "நாற்பத்து மூன்று மணித்தியாலம்," என்றார். அதற்கு நடுவே என் இரண்டு "பன்னிரண்டு, எல்லாரும் சுகம்" அவர் கையெழுத்தில் இருந்தன. அவற்றை வெட்டவில்லை. புதன்கிழமை விமானத்தைப் பிடித்திருந்தாலும் பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்காது என்று நான் ஏதோ முனகினேன். "நான் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லையே," என்றார். பிறகு படிவத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். "இதில் ஒரு வரி குறைகிறது. நீங்களே எழுதுங்கள்." அப்படி வந்ததுதான் பதினாலாவது வரி. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடக்கத்தன்று தாய் என்னைக் கட்டிப்பிடித்தா. "நல்ல காலம் ரீச்சர், பிள்ளைக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனீங்கள். நிம்மதியா ரெண்டு நாள் இருந்தது," என்று ஜெனிற்றாவுக்கு முன்னாலேயே சொன்னா. அதோடு விட்டாவா? "புதன்கிழமை பின்னேரமும் கேட்டவர். பிள்ளை என்ன சொன்னவள், வலை எப்பிடிப் போடுறாங்களாம் எண்டு."

ஜெனிற்றா என்னைப் பார்க்கவில்லை. அந்த விளக்கம் எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாவற்றையும் எலிசப்பிக்குக் கடிதத்தில் எழுதினேன், சவரிமுத்துவின் கேள்வியையும் சேர்த்து. அவர் பதில் நாலே வரி. மகளுக்குப் பெண் குழந்தை. பெயர் சவரி. ஜெனிற்றாவிடம் சொல்லவும், அவளுடைய தகப்பன் இங்கே இருக்கிறார். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். "தாங்க்ஸ், மிஸ்," என்றாள்.

அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கோயிலில் கண்டால் சிரிப்பாள், என் சுகம் விசாரிப்பாள். ஆன்ரி என்று மட்டும் கூப்பிட மாட்டாள். லண்டனில் என்னை ஆன்ரி என்று கூப்பிட இருநூறு பேர் இருக்கிறார்கள், கடைக்காரப் பெடியன்கூடக் கூப்பிடுகிறான். இந்த ஒருத்தியின் வாயிலிருந்து அது வராதா என்று பதினாலு வருடம் ஏங்கினேன். இப்போது அவள் டிராம் ஓட்டுகிறாள். மிச்சம் டிராம் நிறுத்தத்தில் நின்று, ஓட்டுநர் யார் என்று எட்டிப் பார்த்து, அவள் இல்லையென்றால் இரண்டு மூன்று டிராமை விட்டிருக்கிறேன். முழங்கால் வலியோடு. பைத்தியம் என்று நீங்கள் சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். அந்த ஊருக்கும் ஏங்கினேன். அந்த வெளிச்சத்துக்கு, அந்த மேசை விரிப்புக்கு, கோப்பைகளைக் கவிழ்த்து வைத்த அந்தப் பதினைந்து வயதுக்கு. திரும்பிப் போய் "எடு, கதை" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட மாட்டேனா என்று.

இங்கே நிறுத்தி அமீனாவுக்கு அனுப்பிவிட்டேன். வாசித்துவிட்டு அவள் உடனே போன் எடுத்தாள். இந்த முறை முழங்காலைக் கேட்கவில்லை.

"மிஸ், இப்போது பயணத்துக்குக் காசில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு திரையில்தான் சந்திப்பு, வருகிற வியாழன். அவர்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு சவரி இருக்கிறாள்."

அடுத்த நாள் டிராம் நிறுத்தத்தில் நான்கு டிராம்களை விட்டேன். ஐந்தாவதில் அவள் இருந்தாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அவள் இறங்கியதும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

"எத்தினை மணிக்கு, மிஸ்?"

வியாழக்கிழமை சீருடையோடு வந்தாள். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, அமீனா எங்களுக்காகத் திரையை அணைக்காமல் விட்டாள். எலிசப்பியின் தலை முழுவதும் வெளுத்திருந்தது. பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பெண், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். ஜெனிற்றாவைத் தங்கள் மொழியில் "மகள்" என்று கூப்பிட்டாள். வெட்கப்படவே இல்லை. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேனாம். வலையைப் பற்றி. சின்ன வயதிலிருந்தே எலிசப்பி சொல்கிறார், பதில் இன்னும் வரவில்லை என்று. வடிவாகப் பார்த்துவிட்டு வந்தாயா?"

அவள் வலை போட்டே வளர்ந்த பிள்ளை. அவளுக்குத் தெரியாததா?

ஜெனிற்றா ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாள், நிறுத்தினாள். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினாள். மேசையிலிருந்த பேனைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பிறகு தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, முதல்ல பனிக்கட்டியில வரிசையா ஓட்டை போடவேணும். பிறகு ஒரு நீளத் தடி..."

திரையில் அந்தப் பிள்ளை நாடியில் கையை ஊன்றி, ஒரு சொல்லும் விளங்காமல், முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிற்றா அழுதுகொண்டே தடியைத் தள்ளினாள், கயிற்றை இழுத்தாள். வலையை இறக்குகிற இடத்தில் சொல் வராமல் தடுமாறினாள். என் பக்கம் திரும்பினாள்.

"வலைக்கு மேல கட்டுறது, தாழாமல் பிடிக்கிறது. ஆன்ரி, அதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?"

"மிதப்பு," என்றேன்.

"மிதப்பு அப்பா," என்று சொல்லி அவள் தொடர்ந்தாள்.